இரு, எயிந்துக்கினு கீறேன்

உத்திரமேரூர் பஜார் வீதியில் சுலோச்சனாவின் ஜெராக்ஸ் கடையைக் கடந்து காலையில் போனவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, கடைசியாகத்தான் சுலோச்சனா கம்ப்யூட்டர் பட்டனை அமுக்குவாள். அது ஒரு தரம் உறுமும். கறுப்புத் திரையில் என்னென்னவோ எழுத்து ஓடும். வானமும் மேகமுமாக ஒரு படம் வந்து நகராமல் நிற்கும். எதிரில் நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கும் நேரத்துக்கு, ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல், அரைத் தூக்கத்தில் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இழுத்துச் சொல்லும்:

"இரு... எயிந்துக்கினு கீறேன்."

முதல் தடவை கேட்பவர்கள் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்ப்பார்கள். அப்புறம் சிரித்துவிடுவார்கள். சிரிக்கவைக்கத்தான் அதை அங்கே வைத்ததும்.

வைத்தவள் நதியா. சுலோச்சனா கடை போட்டபோது அவளுக்கு ஜெராக்ஸ் எடுக்க மட்டும்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்ததெல்லாம் நதியாதான். திருமுக்கூடலுக்கு முந்தின நிறுத்தத்தில், ஏரிக்கரையை ஒட்டின இருளர் குடியிருப்பு அவளுடையது. ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள். தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிக்கொண்டு, காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவள் வந்தால் கடையில் பேச்சும் வந்துவிடும்.

ஒரு மத்தியானம் ஆள் வராத நேரத்தில் மைக்கைச் செருகி என்னவோ செய்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை பட்டனை அமுக்கின சுலோச்சனா அலறியே விட்டாள்.

"இன்னாடி இது, பேய் கணக்கா!"

"பேய் இல்லக்கா, உங்க கம்ப்யூட்டருதான். தெனிக்கும் 'எவ்ளோ நேரம், எவ்ளோ நேரம்'னு அத்தத் திட்றீங்களே. அதான் பதில் சொல்லுது."

"சொல்றதுதான் சொல்லுது, ஒரு வணக்கம் சொன்னா இன்னா? தூங்குமூஞ்சி!"

"அது என்னிய மாதிரிக்கா. காலைல எங்கம்மா எயுப்புனா நான் இதான் சொல்லுவேன். நான் சொல்லி, பொரண்டு படுத்து, அப்பால எயிந்து வர்றதுக்குள்ள எங்கம்மா தண்ணியெல்லாம் ரொப்பி வெச்சிடும்."

"மகாராணிதான் போ," என்றாள் சுலோச்சனா. ஆனால் அதை எடுக்கச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் நதியாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கஷாயம், அப்புறம் ஊசி, அதற்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. எல்லோரும் முடிந்ததைச் செய்தார்கள், காய்ச்சல் முந்திக்கொண்டது. கட்டிலின் கால்மாட்டில் தரையில் படுத்திருந்த அவள் அம்மா அங்கம்மாள், விடியும்போது எழுந்து, வழக்கம் போல மகளைக் கூப்பிட்டாள். வழக்கமான பதில் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மகளுடைய டிபன் பாக்ஸையும் குடையையும் வாங்கிக்கொண்டு போக அங்கம்மாள் கடைக்கு வந்தாள். படியிலேயே நின்றாள், உள்ளே ஏறவில்லை. சுலோச்சனாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. குனிந்து டிபன் பாக்ஸைத் தேடினாள். அந்த நேரம் பார்த்து, போயிருந்த கரண்ட் வந்தது. கை பழக்கத்தில் சுலோச்சனா பட்டனை அமுக்கிவிட்டாள். அமுக்கின பிறகுதான் உறைத்தது. நிறுத்தவும் தெரியவில்லை. மேகப் படம் வந்து நின்றது.

"இரு... எயிந்துக்கினு கீறேன்."

அங்கம்மாள் அழவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பி, வீட்டு வாசலில் குடத்தை இறக்கிக்கொண்டே சொல்லுகிற மாதிரி, "சரி சரி, மெதுவா எயிந்துரு" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். வேலை கிடைத்த நாளாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முந்தானையில் ஒரு கைப்பிடி பண்ணைக்கீரையோ பிரண்டையோ முடிந்துகொண்டு வருவாள். பட்டனை அவளே அமுக்குவாள். கைகட்டி நின்று கேட்பாள். "சரி சரி, மெதுவா எயிந்துரு" என்று பதிலும் சொல்லுவாள். அவ்வளவுதான். வீட்டில் நதியாவின் படம் இருந்தது; சுலோச்சனாவே பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தாள். படம் பேசாது, பாருங்கள்.

"குந்தேன் அங்கம்மா," என்று சுலோச்சனா நதியாவின் நாற்காலியைக் காட்டுவாள்.

"வோணாம்மா. அது வேல செய்றவங்க குந்தறது."

"இன்னொரு தபா கேக்கறியா?"

"கடைக்கு ஆளு வந்துகினு கீறாங்களே."

ஆள் இல்லாத நாளில் சுலோச்சனா கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போடுவாள். இத்தனைக்கும் அந்தக் குரலை எந்த இடத்தில் நதியா வைத்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. நதியா சொல்லிக்கொடுத்த நாலு வேலைதான் அவளுக்கு வரும். குரல் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் தூங்கி எழ வேண்டும். நதியாவின் அப்பா மாசி ஒரே ஒரு தடவை கூட வந்தான். குரல் வந்ததும் வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டான். பீடி அணைந்த பிறகும் உள்ளே வரவில்லை. அதோடு சரி.

காலம் அப்படியே நிற்குமா, சொல்லுங்கள். மறு வருஷம் கடைக்கு வந்தவர்கள் கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல போட்டோ கீது, பிரிண்ட் போட்டுக் குடு" என்றார்கள். சுலோச்சனா செருகிப் பார்ப்பாள். கம்ப்யூட்டர் யாரோ தெரியாதவர் வந்தது போல முழிக்கும். "இதுல வராதுங்க" என்று சொல்லச் சொல்ல, ஆட்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் திறந்த புதுக் கடைக்கு நடையைக் கட்டினார்கள். கடையின் பிழைப்பே அதில் போய்விடும் போல இருந்தது.

ராஜாராம் என்கிற மெக்கானிக் காஞ்சிபுரத்திலிருந்து பைக்கில் வந்து பார்த்தான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"அக்கா, இது விண்டோஸ் தொண்ணூத்தெட்டு. உலகமே எக்ஸ்பிக்கு போய் எவ்ளோ காலமாச்சு. இத்த வெச்சிக்கினு எப்படிக்கா கடை நடத்தறீங்க? மியூசியத்துக்குக் குடுத்தா வாங்கிப்பாங்க."

"மாத்திடலாம்பா. ஆனா மாத்தினா அந்தக் கொரலு போயிடுமா?"

விஷயத்தைச் சொன்னாள். ராஜாராம் ஒருமுறை போட்டுக் கேட்டான். கிண்டல் நின்றுபோயிற்று.

"பயசத் தொடவே வோணாம்க்கா, கொரலு அந்த டிஸ்க்லதான் கீது. அதே மாதிரி இன்னொரு டிஸ்க் வாங்கியாறேன், அதுல எக்ஸ்பி ஏத்தறேன். பயசு பக்கத்துலயே இருக்கட்டும். ஒரே வூட்ல ரெண்டு குடித்தனம் மாதிரி. கம்ப்யூட்டர் போட்டா, 'எந்தக் குடித்தனத்துக்குப் போணும்'னு அதே கேக்கும். மத்த நாள்ல புச்சு, வெள்ளிக்கெயமன்னா பயசு. சரியா?"

"எதுக்கும் அந்தக் கொரல ஒண்டி தனியா எடுத்து வெச்சிடேன்."

"எதுக்குக்கா? தொடவே போறதில்லங்கறேன். அது பாட்டுக்கு அதும் எடத்துல கெடக்கப் போவுது."

புது டிஸ்க்குகள் எல்லாம் பெரியவை, இந்தப் பழைய மிஷின் அவற்றை ஏற்காது என்று சொல்லி, அதே கம்பெனியில், அதே அளவில் ஒன்றை செகண்ட் ஹாண்டில் பிடித்துவந்தான்.

அங்கம்மாளிடம் சுலோச்சனா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவள் பயந்துதான் போனாள்.

"தொறந்து வெச்சி செய்வாங்களாம்மா? ஆப்ரேசன் கணக்கா?"

"ஆமா, ஆனா பாப்பா கொரலு இருக்கறத தொடமாட்டான். பக்கத்துலயே இன்னொண்ண வெக்கறான், அவ்ளோதான்."

"கூட நான் இருந்துக்கட்டா?"

ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவளை உள்ளே விடாத ஒரு கதவு இருந்தது. சுலோச்சனா அதை நினைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெயமதான் வரச் சொல்லிகீறேன். வந்து குந்து."

அந்த வெள்ளிக்கிழமை ராஜாராம்தான் முதலில் வந்தான். கடையின் உள்ளறையில் கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கப்போட்டு மூடியைக் கழற்றினான். தூசியை ஊதினான். பழைய டிஸ்க்கைக் கழற்றித் தரையில் விரித்த பேப்பரில் வைத்தான். பக்கத்தில் தான் கொண்டுவந்ததை வைத்தான்.

"ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி கீதே," என்றாள் சுலோச்சனா.

"ஒரே கம்பெனிக்கா."

புதிதாக எது அந்தக் கடைக்குள் வந்தாலும், ஜெராக்ஸ் மிஷினானாலும் பஞ்ச் அடிக்கிற கருவியானாலும், ஒரு பொட்டு வைக்காமல் சுலோச்சனா வேலைக்கு விடமாட்டாள். "இரு ராஜாராம், புச்சு உள்ள போறதுக்கு முன்ன ஒரு பொட்டு வெச்சிட்றேன்."

"நல்லா வைங்க. எனக்கும் அடையாளமாச்சு. பொட்டு வெச்சதுல புச்சா ஏத்தறேன். வெக்காதத எடுத்துப் பத்திரமா வெச்சிட்றேன்."

சாமி அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்து மூடியைத் திறந்தாள். வாசலில் ஒரு வாத்தியார் கூப்பிட்டார். காலாண்டுப் பரீட்சைக் கேள்வித்தாள். கட்டாக நகல் எடுக்க வேண்டும். வேறு ஒருவர் கண்ணில் படக்கூடாது. பக்கத்திலேயே நின்று எடுத்துத் தர வேண்டும். சுலோச்சனா சிமிழைப் பேப்பர் மேல் அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். ஜெராக்ஸ் மிஷின் இரையத் தொடங்கியது. போனவளுக்குப் பொட்டு நினைவு அதோடு போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அங்கம்மாள் வந்தாள். ஈரத் தலை, கையில் கனகாம்பரம் ஒரு முழம்.

"வா ஆயா," என்றான் ராஜாராம்.

"யாருக்குடா ஆயா? உங்கம்மாவுக்கு வயசு இன்னான்னு கேட்டுக்கினு வா, அப்பால கூப்புடு."

"சரி, அக்கா. போதுமா?"

"இப்ப ரொம்பக் கொறச்சிட்ட." அவள் கூடச் சிரித்தாள். பிறகு குனிந்து பேப்பரைப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று. "இதுல எதுலப்பா எங்க பாப்பா கீறா?"

"இதுல," என்று பழைய டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினான்.

"இந்தக் கையளவு தகரத்துலயா?"

"இதுக்குள்ளதாம்மா எல்லாம். ஊர்ல நடந்த கல்யாணமெல்லாம் இதுலதான் கீது."

"தொடலாமா?"

"தொடு. கீய போட்டுடாத." ஒரு ஒயர் குறைகிறது, கேட்டு வாங்கி, அப்படியே டீயும் குடித்துவிட்டு வருகிறேன் என்று அவன் வெளியே போனான்.

அங்கம்மாள் தரையில் உட்கார்ந்து டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பார்வைக்குச் சிறியது, கையில் கனத்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

அவர்கள் குடியிருப்பில், கல்யாணம் ஆகாமலே கண்ணை மூடின பெண்ணைச் செத்தவள் என்று சொல்லமாட்டார்கள். கன்னி ஆகிவிட்டாள் என்பார்கள். வீட்டுச் சுவரில் ஓரிடத்தில் மஞ்சள் பூசி, அதில் குங்குமம் வைத்து, அதுதான் அவள் இருக்கிற இடம் என்று வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவார்கள். அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே பொட்டு. நதியாவுக்கும் சுவரில் வைத்திருந்தாள் அங்கம்மாள். ஆனால் அவள் மனசுக்குத் தெரியும், மகள் அந்தச் சுவரில் ஒருநாளும் பேசியதில்லை. பேசுகிற இடம் இது.

பேப்பர் மேல் குங்குமச் சிமிழ் திறந்தபடி இருந்தது. சுலோச்சனாம்மா தனக்காகத்தான் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தாள். எவ்வளவு நல்ல மனசு என்றும் நினைத்தாள். மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, டிஸ்க்கின் நடுவில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்திரமாகத் திருப்பிப் பேப்பரில் வைத்தாள்.

ராஜாராம் திரும்பி வந்தான். இரண்டையும் பார்த்தான்.

"பொட்டு வெச்சாச்சா?"

"வெச்சாச்சுப்பா," என்றாள் அங்கம்மாள் சந்தோஷமாக.

அவன் பொட்டில்லாத டிஸ்க்கை எடுத்து ஒரு துணியில் சுற்றி, சாமி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். "இதுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. வேல முடியற வரைக்கும் சாமி பாத்துக்கட்டும்." பொட்டு வைத்ததைப் பெட்டிக்குள் பொருத்தி ஒயரைச் செருகினான். மகளை மறுபடியும் உள்ளே வைத்துவிட்டான் என்று அங்கம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கட்டில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி.

திரை நீலமாயிற்று. அவன் என்னவோ தட்டினான். ஒரு மஞ்சள் கோடு மெதுவாக ஊர ஆரம்பித்தது.

"இன்னா பண்ணுது இப்ப?"

"சுத்தம் பண்ணுதும்மா."

"வூடு பெருக்கற மாதிரியா?"

"ஆமா. பெருக்கி, கயுவி, சுண்ணாம்பு அடிச்சி, அப்பாலதான் புச்சா குடி வரணும்."

"நல்லா பண்ணுப்பா," என்றாள் அங்கம்மாள். "வெள்ளிக்கெயம."

மத்தியானம் ஆயிற்று. வாத்தியார் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். ராஜாராம் அலமாரியிலிருந்து துணிச் சுருளை இறக்கி, அந்த டிஸ்க்கையும் பக்கத்தில் பொருத்தினான். கம்ப்யூட்டரைப் போட்டான். எந்தக் குடித்தனம் என்று அது கேட்கவில்லை. நேராகப் புதுசுக்குள் போயிற்று. "கேக்கணுமே," என்று முணுமுணுத்துக்கொண்டு, இரண்டாவது டிஸ்க்கைத் திறந்து பார்த்தான். அதை முன்னே வைத்திருந்த யாருடையவோ சினிமாப் பாட்டுகள். யார் வீட்டுப் பிறந்தநாளோ, கேக் வெட்டுகிற ஒரு குழந்தை. மௌஸின் மேல் அவன் கை அப்படியே நின்றது.

"அக்கா, கொஞ்சம் வாங்க."

சுலோச்சனா வந்தாள்.

"பொட்டு... நீங்கதானே வெச்சீங்க?"

சுலோச்சனா பேப்பரைப் பார்த்தாள். திறந்த சிமிழைப் பார்த்தாள். கை தன்னால் வாய்க்குப் போயிற்று. "ஐயோ, நான் வெக்கவே இல்லியே. வாத்தியார் கூப்டாரு, அப்டியே..."

"நான்தாம்மா வெச்சேன்," என்றாள் அங்கம்மாள். "நீ எடுத்து வெச்சிட்டுப் போயிருந்தியே. பாப்பாவுக்கு வெச்சேன்."

வெளியே வாலாஜாபாத் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"எடுக்க முடியாதா?" என்றாள் சுலோச்சனா.

"அயிச்சிட்டு அதும் மேலயே புச்ச ஏத்தியாச்சுக்கா. எனக்குத் தெரிஞ்சி..." ராஜாராம் தலையை ஆட்டினான். "என் தப்பு. ஒரு வார்த்த உங்களக் கேட்டிருக்கணும். அன்னிக்கே நீங்க தனியா எடுத்து வெக்கச் சொன்னீங்க."

அங்கம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாம்மா?"

இதைச் சொல்லும் வேலை சுலோச்சனாவுக்கு வந்தது. அவள் தரையில் அங்கம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் தரையில் உட்கார்ந்ததில்லை.

"அங்கம்மா. பாப்பா கொரலு அயிஞ்சி போச்சு."

"எப்டிம்மா அயியும்? இதோ உள்ள கீது. நான் பாத்துக்கினே இருந்தேனே. அந்தத் தம்பிதான் உள்ள வெச்சிச்சி. வெச்சி, சுத்தம்..."

அந்தச் சொல்லில் நின்றுவிட்டாள். தன் மோதிர விரலைத் தூக்கிப் பார்த்தாள். குங்குமம் ரேகையில் ஏறிக் காய்ந்திருந்தது.

"உன் மேல தப்பில்ல," என்றாள் சுலோச்சனா. "சிமிய அங்க வெச்சிட்டுப் போனவ நான்."

"ஒரு வார்த்த கேக்காதவன் நான்," என்றான் ராஜாராம்.

அங்கம்மாள் அந்த விரலை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டாள். "ஒரு தபா போடு" என்றாள்.

"அங்கம்மா, அது இப்ப..."

"போடும்மா. வெள்ளிக்கெயம வந்துகீறேன் இல்ல."

ராஜாராம் அணைத்துவிட்டு எழுந்து நகர்ந்தான். அங்கம்மாள் எப்போதும் போல எழுந்து நின்று, தானே பட்டனை அமுக்கினாள். உறுமல் கேட்டது. கறுப்பில் எழுத்து ஓடியது. மேகம் வரவில்லை. பச்சைப் புல்வெளி ஒன்று வந்தது. நாலைந்து மணிகளைச் சேர்த்துத் தட்டின மாதிரி ஒரு சத்தம் எழும்பி அடங்கியது.

அது முழுசும் அடங்கும்வரை அவள் கேட்டாள்.

"இது யாரு?"

"யாரும் இல்ல," என்றாள் சுலோச்சனா. "சும்மா, ஒரு மியூசிக்."

அங்கம்மாள் தலையாட்டினாள். கையிலிருந்த கனகாம்பரத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"இத்தினி நாளா எயிந்துக்கினு கீறேன், எயிந்துக்கினு கீறேன்னா. எயிந்துட்டா போல."

தனக்கே சொல்லிக்கொண்டாளா, முகம் வெளுத்து நின்ற அந்த இரண்டு பேருக்காகச் சொன்னாளா, தெரியாது. குரல் உடையவில்லை. ராஜாராம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் வர்றேம்மா. களையெடுக்கக் கூப்ட்டு கீறாங்க." வாசலில் திரும்பினாள். "தம்பி, அந்தப் பொட்ட ஒண்டி அயிச்சிடாத."

அவள் போய்க் கொஞ்சம் கழித்துத்தான் சுலோச்சனா பார்த்தாள். படிக்குக் கீழே அங்கம்மாளின் செருப்பு கிடந்தது. எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினாள். பஸ் போய்விட்டது. ஆவணி வெயிலில் தார் ரோடு கொதித்தது. அதில் அவள் வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறாள். காலுக்குக் கீழே சுடுகிறது என்று அவளுக்குத் தெரியவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. யாரிடமாவது செருப்பைக் கொடுத்தனுப்பலாம் என்று சுலோச்சனா நினைப்பாள்; பிறகு, கொடுத்துவிட்டால் அவள் இந்தப் பக்கம் வருவதற்கு இருக்கிற ஒரு சாக்கும் போய்விடும் என்று மேஜைக்கடியில் திரும்ப வைத்துவிடுவாள். கடையில் வியாபாரம் தேவலையாயிற்று. சுண்டுவிரல் சாமானைச் செருகினால் போட்டோ கொட்டியது. நதியா அடித்து வைத்த பத்திரிகைகள் எல்லாம் போய்விட்டதால் சுலோச்சனா ஒவ்வொன்றையும் புதிதாக அடித்துப் பழகினாள். ராஜாராம் ஒருமுறை வந்து, காசு வேண்டாமென்று தூசி தட்டிக்கொடுத்தான். பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்தான்.

ஐப்பசி பிறந்தது. நதியாவுக்கு வருஷம் திரும்புகிற மாதம். ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. பயோடேட்டா அடிக்க வந்த ஒருவர் ஈரக் குடையை உதறிக்கொண்டு அவசரப்பட்டார்.

"இன்னாக்கா, இன்னும் எவ்ளோ நேரம்? பஸ் போயிடும்."

சுலோச்சனா மேஜைக்கடியில் குனிந்து பேப்பர் கட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இரு... எயிந்துக்கினு கீது."

அதே இழுப்பு. அதே அரைத் தூக்கம். தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிந்ததும் அவள் குனிந்த இடத்திலேயே உறைந்தாள். எத்தனை காலையில் கேட்டது, எப்போது உள்ளே போய் ஒட்டிக்கொண்டதோ.

"சரி சரி, மெதுவா எயிந்துரு."

சுலோச்சனா நிமிர்ந்தாள். படியில் அங்கம்மாள், தலையில் ஒரு உரச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியாமல் சொல்லியிருக்கிறாள். கை வாயைப் பொத்தியிருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது மழையா என்று பயோடேட்டாக்காரர் பார்த்தார். இல்லை. இந்த ஒரு வருஷத்தில் அவள் அந்தக் கடையில் அழுதது அன்றைக்குத்தான்.

சுலோச்சனா மேஜைக்கடியிலிருந்து செருப்பை எடுத்தாள். அதில் படிந்திருந்த தூசியைத் தன் முந்தானையாலேயே துடைத்துப் படியில் வைத்தாள். அங்கம்மாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, நதியாவின் நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

இந்த முறை அங்கம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை.